எழுத்துப்பிழையைக் கொண்டு ஒருவரை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பதிப்பகத்தில் பிரதி திருத்தும் வேலைக்குப் புதிதாக வருபவர்கள், கையில் ஒரு பிரதி கிடைத்ததும் அதைத் திருத்தத் தொடங்குவதற்கு முன்பே அதை எழுதியவருக்கு மனத்துக்குள் மதிப்பெண் போட்டுவிடுகிறார்கள். முதல் பக்கத்தில் லகரமும் ளகரமும் இடம் மாறியிருந்தால், 'இவருக்கு என்ன தெரிந்திருக்கப் போகிறது' என்ற முடிவோடுதான் இரண்டாம் பக்கத்தைப் புரட்டுகிறார்கள். நாங்கள் இந்தத் தொழிலுக்கு வந்த காலத்தில் செய்த அதே தவறுகளை, பிழைதிருத்தி மென்பொருள்கள் வந்துவிட்ட இந்தக் காலத்திலும் இளைஞர்கள் மாறாமல் செய்வதைப் பார்ப்பதால்தான் இதை எழுதுகிறேன். வேலைக்கு விண்ணப்பங்களைப் பார்ப்பவர்களுக்கும் விடைத்தாள் திருத்துபவர்களுக்கும் இவற்றுள் பெரும்பாலானவை பொருந்தும். கைதவறி விழுந்த ஓர் எழுத்துக்காக யாரையும் மட்டமாக நினைக்கக் கூடாது என்பது போன்றவை எல்லோரும் அறிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

வேறு மரபைப் பிழை என்று கொள்வது

ஈழத்திலிருந்தோ கனடாவிலிருந்தோ வரும் பிரதியில் 'ரொறன்ரோ', 'மொன்றியல்', 'அவுஸ்திரேலியா', 'யூன்', 'யூலை' என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். தமிழ்நாட்டில் மட்டுமே படித்து வளர்ந்த உதவி ஆசிரியர் இவற்றையெல்லாம் வட்டமிட்டுவிட்டு, எழுதியவருக்கு ஊர்ப்பெயர்கூடச் சரியாகத் தெரியவில்லை என்று குறிப்பு வைப்பார். யாழ்ப்பாணப் பேச்சில் இரட்டை றகரம் நுனியண்ண ஒலியாக, அதாவது நாக்கின் நுனி மேலண்ணத்தின் முன்பகுதியைத் தொட்டு எழும் ஒலியாக, இன்றும் நிலைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் நாம் டகரமாகக் கேட்கும் ஒலியை அவர்கள் றகரத்தாலும் ரகரத்தாலும் எழுதுவதற்கு அவர்களுடைய காதில் நியாயம் இருக்கிறது. அது பல தலைமுறையாக அச்சில் நிலைபெற்ற மரபு.

நம்முடைய எல்லைக்குள்ளும் இதே கதைதான். கோயிலும் கோவிலும் சரி. பவளமும் பவழமும் சரி. 'கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள' என்று தொல்காப்பியத்திலேயே வல்லின றகரத்தோடு இருக்கும் சொல்லை, 'கருப்பு' என்றே எழுதிப் பழகிய ஒருவர் பிழை என்று அடித்ததை நான் பார்த்திருக்கிறேன். 'வாழ்த்துகள்' என்பதா, 'வாழ்த்துக்கள்' என்பதா என்று இலக்கணம் கற்றவர்களே இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கும்போது, அதில் ஒன்றை எழுதியவரை அறியாதவர் என்று சொல்ல நமக்கு உரிமை கிடையாது. பதிப்பகத்துக்கு என்று ஒரு நடைமுறை இருக்கலாம். அந்த நடைமுறைக்கு ஏற்பப் பிரதியை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அது நம்முடைய வசதிக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு என்பதை மறந்துவிடக் கூடாது.

பிழைகளை எண்ணுவது

எண்ணாதீர்கள், வகை பிரியுங்கள்: வேறு மரபா, கைதவறியதா, கருவியின் வேலையா, துறைச்சொல்லில் வந்த தடுமாற்றமா என்று.

எழுத்துச் சுத்தத்தைத் தொழிலறிவு என்று நம்புவது

நான் இதுவரை பார்த்த தவறுகளில் அதிக இழப்பை உண்டாக்கியது இதுதான். நடந்து பல ஆண்டுகள் ஆகியும் நினைத்தால் எரிச்சல் அடங்குவதில்லை.

கண்மாய்ப் பாசனம், அதாவது ஏரிப் பாசனம் பற்றி நூல் ஒன்று கொண்டுவர எண்ணியிருந்த சமயத்தில் இரண்டு பிரதிகள் வந்தன. ஒன்று, முதுகலைப் பட்டம் பெற்ற ஒருவர் கணினியில் தட்டச்சிட்டு அனுப்பியது. ஒற்றுப்பிழைகூட இல்லாத, அப்படியே அச்சுக்கு அனுப்பக்கூடிய சுத்தமான பிரதி அது. மற்றொன்று, இராமநாதபுரம் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் வாழ்நாளெல்லாம் நீர்க்கட்டியாக இருந்த பெரியவர் ஒருவர் கோடு போட்ட நோட்டில் எழுதியது. மடையைத் திறந்து அடைப்பதும், வயல்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் பங்கிடுவதும், அறுவடையில் அதற்கான நெல்லைக் கூலியாகப் பெறுவதும் அவருடைய பரம்பரை வேலை. அவருடைய நோட்டில் 'தண்ணீர்' எல்லா இடத்திலும் 'தன்னீர்' என்றுதான் இருந்தது. 'பள்ளம்' என்பது 'பல்லம்' ஆகியிருந்தது. 'கரை' பாதி இடங்களில் 'கறை' ஆகியிருந்தது. புதிதாகச் சேர்ந்திருந்த உதவி ஆசிரியர் நான்கு பக்கம் படித்துவிட்டு, 'அடிப்படைத் தமிழே இல்லை, நிராகரிக்கலாம்' என்று துண்டுச்சீட்டு வைத்துத் திருப்பி அனுப்பிவிட்டார். சுத்தமான பிரதியை மட்டும் என் மேசைக்கு அனுப்பினார்.

அந்தச் சுத்தமான பிரதியின் இரண்டாம் இயலிலேயே, கலிங்கைத் திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சினார்கள் என்று எழுதியிருந்தது. கண்மாயைப் பற்றிச் சிறிதளவு தெரிந்தவரும் இதை எழுதமாட்டார். வயலுக்குத் தண்ணீர் விடுவது மடை அல்லது மதகு. கலிங்கு என்பது கண்மாய் நிறைந்த பிறகு மிகுதி நீர் வழிந்து அடுத்த கண்மாய்க்குச் செல்வதற்காகக் கட்டப்பட்ட அமைப்பு. இரண்டையும் மாற்றிச் சொன்னால் கண்மாய் எதற்காக, எப்படி இயங்குகிறது என்பதே தலைகீழாகிவிடும். மேலும் படித்தபோது, அந்தப் பிரதி முழுவதும் பிற நூல்களிலிருந்து சேகரித்துச் சீராகக் கோத்த வாக்கியங்கள்தான் என்பது விளங்கியது. அதில் எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பெரியவருடைய நோட்டில் என்ன இருந்தது என்பது, அதை நகலெடுக்கும்போது இரண்டு பக்கங்கள் எங்கள் அலுவலகத்தில் தங்கிவிட்டதால்தான் எனக்குத் தெரிந்தது. கலிங்கு என்பதை 'கலுங்கு' என்று எழுதியிருந்தார். அதையும் உதவி ஆசிரியர் அடிக்கோடிட்டிருந்தார். அது பிழையே அன்று, வழக்கில் உள்ள மற்றொரு வடிவம். கலுங்கில் நட்டிருக்கும் கற்களுக்கு இடையே பலகை வைத்து, வைக்கோலும் களிமண்ணும் அடைத்துக் கூடுதலாகத் தண்ணீரைத் தேக்கும் முறையையும், மேல்கண்மாயில் மறுகால் பாயத் தொடங்கிய, அதாவது அது நிறைந்து மிகுதி நீர் வழியத் தொடங்கிய செய்தி வந்தவுடன் அந்த அடைப்பை எடுக்காவிட்டால் கரை தாங்காது என்பதையும் அவர் எழுதியிருந்தார். கரையின் வெளிப்புறத்தில் கசிவு கண்டால், கசியும் நீர் தெளிவாக இருக்கிறதா, கலங்கி வருகிறதா என்று முதலில் பார்க்க வேண்டுமாம். தெளிவாக வந்தால் விடியும்வரை பொறுத்துக்கொள்ளலாம். கலங்கி வந்தால் உள்ளே நண்டு வளையோ எலி வளையோ மண்ணை அரித்துக்கொண்டிருக்கிறது, அப்போதே ஆள் திரட்ட வேண்டும். அணைக்கட்டுப் பொறியாளர்களும் மண்கரையில் இதே அடையாளத்தைத்தான் பார்க்கிறார்கள். 'தன்னீர்' என்று எழுதிய கை அதே பக்கத்தில் இதையும் எழுதியிருக்கிறது.

நான் நேரில் சென்று கேட்டபோது பெரியவர் மரியாதையாக உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார், நோட்டைக் கொடுக்கவில்லை. எந்தக் கண்மாயிலிருந்து எந்தக் கண்மாய்க்கு, வறட்சி ஆண்டில் யாருக்கு முதல் முறை என்ற சங்கிலி முழுவதையும் இரண்டாம் நோட்டில் எழுதுவதாக இருந்தாராம். தமிழ் தெரிந்தவர்களை வைத்து எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். அந்த நோட்டிலிருந்த பிழைகளை இந்தத் தொழிலில் உள்ள எவரும் சில நாட்களில் திருத்தியிருக்கலாம், அதற்காகத்தான் நமக்குச் சம்பளம் தருகிறார்கள். சுத்தமான பிரதியில் இல்லாமற்போன அறிவை எந்தத் திருத்துநராலும் கொண்டுவந்து சேர்க்க முடியாது.

ஆகவே புதியவர்களிடம் நான் வற்புறுத்துவது இதுதான்: பிழை மலிந்த பிரதி வந்தால், அதில் ஒரு பக்கத்தை எழுத்து மட்டும் திருத்தி, வேறொன்றையும் தொடாமல் மறுபடி தட்டச்சிட்டுப் படியுங்கள். அப்போதும் சொல்ல வந்தது விளங்கவில்லை என்றால் நிராகரியுங்கள். பிழையே இல்லாத பிரதி வந்தால், அந்தத் துறையில் கைவைத்து வேலை செய்தவர் ஒருவரிடம் கொடுத்து ஓர் இயலையாவது படிக்கச் சொல்லுங்கள். இரண்டாவதைத்தான் யாரும் செய்வதில்லை.

கருவியை மறப்பது

ஒலிபெயர்ப்பு முறையில் தட்டச்சிடுபவருக்கு லகரத்துக்கும் ளகரத்துக்கும் இடையே இருப்பது, ஒரே ஆங்கில எழுத்தின் சிறிய வடிவமும் பெரிய வடிவமும் மட்டுமே. 1999ஆம் ஆண்டு தமிழ்நாட்டு அரசு தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகையில் பழகியவருக்கு இந்தத் தடுமாற்றம் குறைவு. கைபேசியில் பேசியே எழுதுபவரின் பிழைகள் பெரும்பாலும் அவருடையவையே அல்ல. எதில் எழுதினீர்கள் என்று கேட்டுவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

கற்றல் குறைபாட்டைச் சோம்பல் என்பது

இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. எழுத்தில் தடுமாறுகிறவர் எண்ணத்திலும் தடுமாறுவார் என்று கருதாதீர்கள்.

பிழை பொருட்டே அல்ல என்று மறுபக்கம் சாய்வது

மேற்சொன்னவற்றைக் கேட்ட சிலர், அப்படியானால் எழுத்தைப் பார்க்கவே வேண்டாமா என்று கேட்கிறார்கள். வேலையே எழுத்தாக இருக்கும் இடத்தில் கட்டாயம் பார்க்க வேண்டும். 'விளைநிலம்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'விலைநிலம்' என்று எழுதுகிற பத்திர எழுத்தரிடம் யாரும் பத்திரம் எழுதக் கூடாது. சான்றிதழில் ஒருவருடைய பெயரில் ஓர் எழுத்து மாறினால் அவர் தாலுகா அலுவலகத்துக்கு நடையாய் நடக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பெயரைத் தட்டச்சிட்டவருக்கு அது சிறிய பிழையாகத் தோன்றலாம், அலைபவருக்கு அப்படி அன்று. 'பொய் சொல்' என்பதற்கும் 'பொய்ச்சொல்' என்பதற்கும் வேறுபாடு தெரியாதவரை மெய்ப்புப் பார்க்க எடுத்துக்கொள்ள முடியாது, அவர் எத்தனை நூல்கள் படித்தவராக இருந்தாலும்.

துறைச்சொல்லில் வரும் பிழையையும் தனியாகக் கவனியுங்கள். பதினைந்து ஆண்டுகள் ஒரு தொழிலில் இருந்ததாகச் சொல்பவர், அந்தத் தொழிலின் அன்றாடக் கருவி ஒன்றின் பெயரை ஒவ்வொரு முறையும் வெவ்வேறு விதமாக எழுதினால், அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று நேரில் கேளுங்கள். தடையில்லாமல் விளக்கினால் எழுத்தை மறந்துவிடுங்கள்.

பிரதி திருத்தும் வேலைக்கு நாங்கள் ஆள் எடுக்கும்போது, முதல் தேர்வில் செய்த பிழைகளைக் குறித்துக் கொடுத்து, சில நாட்கள் கழித்து மறுபடி ஒரு பக்கம் கொடுக்கிறோம். முதல் தேர்வில் பிழை செய்ததற்காக யாரையும் விலக்குவதில்லை. சுட்டிக்காட்டிய அதே பிழை இரண்டாவது பக்கத்திலும் இருந்தால் விலக்குகிறோம்.