பிக் மாட்டிக்கொள்ளும் இடம்

போன வாரம் கிட்டார் பழக ஒரு பையன் வந்தான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. ஐந்து ஸ்வரங்கள் கொண்ட பெண்டாடானிக் ஸ்கேலை அநாயாசமாக உருட்டுகிறான். ஏழு ஸ்வர மேஜர் ஸ்கேலுக்கு வந்ததும் வண்டி நின்றுவிடுகிறது. “ஸ்பீடு பத்தல சார், மெட்ரோனோமை இன்னும் குறைச்சு வெச்சுப் பழகுறேன்” என்றான். மெட்ரோனோம் என்பது தாளத்துக்கு ‘டிக் டிக்’ அடிக்கும் கருவி. இருபது வருடங்களுக்கு முன் நான் சொன்ன அதே வசனம். கேட்டதும் பழைய எரிச்சல் திரும்பிவிட்டது.

சுருதி சேர்க்காமல் வாசிப்பது, நாலு நாள் பழகிவிட்டு நாலு வாரம் விடுவது, இதெல்லாம் உங்களுக்கே தெரியும். ஓரளவு வாசிக்கத் தெரிந்து, சொந்தமாக சோலோ எடுக்கவும் மெட்டுக் கட்டவும் முயல்கிறவர்கள் சறுக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

பிக்கை இறுக்கிப் பிடிப்பது

விரலிடுக்கில் பிடித்துத் தந்தியை மீட்டும் சின்னத் தகடுதான் பிக். கீழே விழட்டும். எடுத்துக்கொள்ளலாம்.

மெதுவாக வாசித்தால் வேகம் தானாக வரும் என்று நம்புவது

என் வாழ்க்கையில் இரண்டு வருடத்தைத் தின்ற தவறு இது. ஒரு தந்திக்கு மூன்று ஸ்வரம் என்ற கணக்கில் மேஜர் ஸ்கேல், ஒரு தாள அடிக்கு நான்கு ஸ்வரம். மெட்ரோனோமை நிமிடத்துக்கு 80 அடியில் ஆரம்பித்து வாரம் 2 ஏற்றுவேன். நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதி வைத்திருந்தேன். 132 வரை வந்தது. அதற்கு மேல் ஒரு புள்ளி நகரவில்லை. அப்போது கற்றுக்கொடுத்தவர், “இன்னும் மெதுவா வாசி” என்றார். வாசித்தேன். மணிக்கட்டு வலி வந்ததுதான் மிச்சம்.

பல வருடம் கழித்து, கைபேசியில் ஸ்லோ மோஷன் வந்த பிறகுதான், என் வலது கையைப் படம் பிடித்துப் பார்த்தேன். மூன்றாவது ஸ்வரத்தை அடித்ததும் பிக் இரண்டு தந்திகளுக்கு நடுவே போய்ப் புதைந்துகொள்கிறது. அடுத்த தந்திக்குப் போக வேண்டுமானால் அங்கிருந்து எம்பிக் குதித்தாக வேண்டும். மெதுவாக வாசிக்கும்போது குதிக்க நேரம் இருக்கிறது, வேகத்தில் இல்லை. அதாவது, இரண்டு வருடமாக நான் தினமும் உட்கார்ந்து பழகியது அந்தக் குதியைத்தான்! நடையை எவ்வளவு பழகினாலும் அது ஓட்டம் ஆகிவிடாது.

விஷயம் இதுதான். பிக் தந்திகள் இருக்கும் தளத்துக்கு இணையாக நேர்கோட்டில் போய் வருவதில்லை. கொஞ்சம் சாய்வாகத்தான் போகும். என்னைப் போல பிக்கின் மேல்பக்கம் தரையைப் பார்த்துச் சாய்ந்திருந்தால், டவுன்ஸ்ட்ரோக்கில், அதாவது கீழ்நோக்கி அடிக்கும்போது, அது தந்திகளுக்குள் இறங்கும்; அப்ஸ்ட்ரோக்கில், அதாவது மேல்நோக்கி அடிக்கும்போது, வெளியே எழும்பும். ஆகவே தந்தி மாற்றுவது அப்ஸ்ட்ரோக்குக்குப் பிறகு என்றால் வழுக்கிக்கொண்டு போகும்; டவுன்ஸ்ட்ரோக்குக்குப் பிறகு என்றால் மாட்டிக்கொள்ளும். சிலருக்குக் கை எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். அவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ்.

உங்கள் கை எந்த ரகம் என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். ஐந்தாம் ஃபிரெட்டில் (கழுத்தில் ஸ்வரங்களைப் பிரிக்கும் கட்டை) ஏ மைனர் பெண்டாடானிக்கை எடுங்கள். தந்திக்கு இரண்டு ஸ்வரம். டவுனில் தொடங்கி, கைக்கு எட்டிய வேகத்தில், யோசிக்காமல் வாசியுங்கள். பிறகு அதையே அப்பில் தொடங்குங்கள். ஒன்று ஓடும், இன்னொன்று முட்டும். அந்தப் பையனுக்கு டவுனில் ஓடியது, அப்பில் மூன்றாவது தந்தியிலேயே முட்டியது. அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

சரி, மூன்று ஸ்வரக் கணக்கை என்ன செய்வது? ராக் கிட்டார் கலைஞர் இங்வே மால்ம்ஸ்டீனின் வாசிப்பைக் கவனியுங்கள். மெல்லிய தந்திகளை நோக்கிப் போகும்போது கடைசி டவுன்ஸ்ட்ரோக்கை நிறுத்தாமல் அப்படியே அடுத்த தந்திக்குத் தள்ளிவிடுவார். தடித்த தந்திகளை நோக்கி வரும்போது டவுன், அப், மூன்றாவது ஸ்வரம் இடது கையில் புல் ஆஃப், அதாவது பிக் இல்லாமல் விரலை இழுத்தெடுத்து எழுப்புவது. பிக் அடிப்பது இரண்டே முறை, வெளியேறுவது அப்பில். இது ஏமாற்று வேலை என்று நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அடித்தே தீருவேன் என்று நின்றவன் நான். கிட்டார் மேதை ஜாங்கோ ரைன்ஹார்ட் வழி வந்த ஜிப்ஸி ஜாஸ்காரர்களுக்கோ எந்தப் புதுத் தந்தியானாலும் டவுன்ஸ்ட்ரோக்கில்தான் தொடக்கம். அவர்களுடைய சொற்றொடர்கள் அந்த ஒரு விதியைச் சுற்றியே வளர்ந்தவை.

சோலோ எடுக்கும்போது இது இன்னும் கடிக்கும். வீட்டில் தாள அடியின் மேல் தொடங்கிப் பழகிய லிக் (சின்னச் சொற்றொடர்), மேடையில் ஒரு ஸ்வரம் தள்ளி எடுத்தால் அப்ஸ்ட்ரோக்கில் ஆரம்பிக்கிறது. மாற்றங்கள் எல்லாம் தவறான பக்கம் விழுகின்றன. ‘மேடையில் பதற்றம்’ என்று நாம் சொல்லிக்கொள்வதில் பாதி இதுதான். ஒரு ஸ்வரத்தைக் கூட்டியோ, ஒன்றைப் புல் ஆஃபில் விட்டோ கணக்கை நேராக்கும் வித்தையைத் தனியாகப் பழகுங்கள்.

அழுத்தத்தை எப்போதும் டவுன்ஸ்ட்ரோக்கிலேயே வைப்பது

ஒரே சொல்லாக ‘தகதகிட, தகதகிட’ என்று சொல்லிக்கொண்டு, டவுன், அப் மாற்றி மாற்றி ஒரே தந்தியில் அடியுங்கள். முதல் ‘த’ டவுனில் விழும், இரண்டாவது சொல்லின் ‘த’ அப்பில் விழும். பெரும்பாலானோருக்கு அந்த அப்பில் விழும் ‘த’வின் அழுத்தம் காணாமல் போய்விடும். ஐந்தாகக் கேட்க வேண்டியது பத்தாகக் கேட்கும். ‘தகிட’வும் அதே கதைதான். கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின், ‘சக்தி’ இசைக்குழுவில் கடம் விக்கு விநாயகராமோடும் தபலா ஜாகிர் உசேனோடும் ஈடுகொடுத்து ஓடியதைக் கேட்டால், அவருடைய அப்ஸ்ட்ரோக் எவ்வளவு கனமானது என்று தெரியும். கொன்னக்கோலை, அதாவது இந்தத் தாளச் சொற்களை, வாயால் சொல்லிக்கொண்டே அடித்தால்தான் இது படியும். பக்கத்து வீட்டார் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பரவாயில்லை.

எல்லா ஸ்வரத்தையும் பிக்கால் தட்டுவது

மாண்டலின் ஸ்ரீநிவாஸ் கையிலும் பிக்தான் இருந்தது. ஆலாபனையில் ஒரு மீட்டுக்கு எத்தனை ஸ்வரங்கள் இழைகின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

மெட்டை எழுதிவிட்டு ஸ்ட்ரோக்கை அப்புறம் பார்ப்பது

கணினியில் ஸ்வரங்களை அடுக்கி ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சின்ன மெட்டு) போடுகிறவர்கள் கூடிவிட்டார்கள். நானும் போட்டேன். பதிவுக்கு உட்கார்ந்தபோது நான் எழுதிய ரிஃப்பே எனக்கு வேறு பாட்டாகக் கேட்டது. உள்ளங்கையால் தந்தியை லேசாக அமுக்கி, எல்லாம் டவுன்ஸ்ட்ரோக்கில் அடிக்கும்போது வரும் முரட்டுத்தனம் டவுன், அப் மாற்றி அடித்தால் வராது. மெட்டாலிகா என்ற மெட்டல் இசைக்குழுவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டு கை ஓயும் வேகத்திலும் டவுனையே பிடித்துத் தொங்குவது வீம்புக்கு அல்ல, அந்தச் சத்தத்துக்காக. ஸ்வரத்தின் கீழேயே ஸ்ட்ரோக்கையும் குறித்து வையுங்கள். அடுத்த மாதம் அந்தத் தாளை எடுக்கும்போது என்னைத் திட்ட மாட்டீர்கள்.

டிஸ்டார்ஷன் போட்டுப் பழகுவது

டிஸ்டார்ஷனின் கரகரப்பு தவறுகளை மூடிவிடும். அதை அணைத்துவிட்டு ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். நான் அப்படி வாசித்துப் பார்த்த அன்றைக்கு ஆம்ப்பையே (ஒலிபெருக்கியையே) அணைத்துவிட்டேன்.