மடிக்கணினியில் சத்தம் சப்பென்று இருக்கிறதா? ஆடியோ டிரைவரைத் தேர்ந்தெடுத்து நிறுவும் முறை

விண்டோஸைப் புதிதாகப் போட்ட பிறகு பல மடிக்கணினிகளில் சத்தம் வரும், ஆனால் உயிர் இருக்காது. கச்சேரி ஒன்றைப் போட்டால் மிருதங்கத்தின் வலந்தலை மட்டும் டிக் டிக்கென்று கேட்கும்; தொப்பி இருக்கிற இடமே தெரியாது. என் கணினியில் இப்படி ஆனபோது, "லேட்டஸ்ட் டிரைவரைப் போடு" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். (டிரைவர் என்பது கணினியின் ஒரு பாகத்தை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்.) அது பாதிதான் சரி. கணினியைத் தயாரித்த நிறுவனம் உங்கள் மாடலுக்கென்று கொடுக்கிற டிரைவர்தான் வேண்டும். அது ஒரு வருடம் பழையதாக இருந்தாலும் பரவாயில்லை.

ஏனென்றால் மடிக்கணினி ஸ்பீக்கர் சுண்டுவிரல் அளவுதான். அதிலிருந்து கேட்கும்படியான சத்தத்தை வரவழைக்க ஒவ்வொரு மாடலுக்கும் தனியாக ஒலியைச் சரிக்கட்டி, அந்த அளவுகளை டிரைவரோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள். விண்டோஸின் பொது டிரைவரில் அவை கிடையாது.

யூஎஸ்பி ஹெட்போன் அல்லது யூஎஸ்பி டாக் (டிஏசி; கணினியின் டிஜிட்டல் தரவை ஒலியாக மாற்றும் வெளிக் கருவி) வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலையே வேண்டாம். ஒலியை மாற்றித் தரும் சில்லு அவற்றுக்குள்ளேயே இருக்கிறது. 2017-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்து யூஎஸ்பி ஆடியோ கிளாஸ் 2 என்ற பொதுத் தரத்துக்கான டிரைவரும் விண்டோஸோடு சேர்ந்தே வருகிறது. செருகினால் பாடும்.

படி 1: இப்போது என்ன இருக்கிறது?

ஸ்டார்ட் பொத்தானில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து, 'சவுண்ட், வீடியோ அண்ட் கேம் கன்ட்ரோலர்ஸ்' என்ற பிரிவை விரியுங்கள். 'ரியல்டெக் ஆடியோ' போன்ற பெயர் (ரியல்டெக் ஒலிச் சில்லுகள் செய்யும் நிறுவனம்) இருந்தால் சில்லுக்கு உரிய டிரைவர் ஏற்கெனவே இருக்கிறது. வெறும் 'ஹை டெஃபனிஷன் ஆடியோ டிவைஸ்' என்று இருந்தால் அது மைக்ரோசாஃப்ட்டின் பொது டிரைவர். என்விடியா பெயரிலோ 'இன்டெல் டிஸ்ப்ளே ஆடியோ' என்றோ இருப்பவை எச்டிஎம்ஐ வழியாக டிவிக்குப் போகும் ஒலிக்கானவை, அவற்றைத் தொடாதீர்கள்.

ரியல்டெக் அல்லது 'ஹை டெஃபனிஷன் ஆடியோ டிவைஸ்' என்று இருக்கும் பெயரை டபுள் கிளிக் செய்து, டீட்டெய்ல்ஸ் பக்கத்தில் 'ஹார்டுவேர் ஐடிஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒரு நீளமான வரி வரும். 'வென்' என்பதன் பின்னால் 10ஈசி என்றிருந்தால் சில்லு ரியல்டெக்குடையது. 'டெவ்' என்பதன் பின்னால் சில்லின் எண். 0256 என்றால் ஏஎல்சி256. 'சப்சிஸ்' என்பதன் முதல் நான்கு இடங்கள்தான் கணினி நிறுவனத்தின் அடையாளம்: 1028 என்றால் டெல், 103சி என்றால் எச்பி, 17ஏஏ என்றால் லெனோவோ, 1043 என்றால் ஏசுஸ். ஒரே ஏஎல்சி256 பல நிறுவனங்களின் கணினிகளில் இருக்கிறது. எந்த மாடலுக்கு எந்த அளவு என்று டிரைவர் கண்டுகொள்வது இந்த சப்சிஸ் எண்ணை வைத்துத்தான்.

அந்த வரியின் முதல் சொல்லையும் குறித்து வையுங்கள். 'எச்டிஆடியோ' என்று தொடங்குகிறதா, 'இன்டெல்ஆடியோ' என்று தொடங்குகிறதா? மூன்றாவது படியில் இது வேண்டும்.

படி 2: எங்கிருந்து இறக்குவது?

கணினி நிறுவனத்தின் தளத்தில், அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணைக் கொடுத்து இறக்குங்கள். மேசைக் கணினி என்றால் மதர்போர்டு நிறுவனத்தின் தளம். டிரைவர் அப்டேட்டர் என்று விற்கும் மென்பொருள் எதையும் நான் கணினிக்குள் விடுவதில்லை. ஸ்கேன் இலவசம் என்பார்கள், சரிசெய்யக் காசு கேட்பார்கள்.

படி 3: நிறுவுவது (இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள்)

முதலில் ஒரு ரீஸ்டோர் பாயின்ட் (ஏதாவது கெட்டுப்போனால் விண்டோஸைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் பதிவு) எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் இணையத்தைத் துண்டியுங்கள்; இல்லாவிட்டால் பழையதை நீக்கிய கையோடு விண்டோஸ் அப்டேட் தானாக எதையாவது கொண்டுவந்து வைத்துவிடும். டிவைஸ் மேனேஜரில் 'அன்இன்ஸ்டால்' கொடுக்கும்போது, டிரைவரையும் சேர்த்து நீக்கச் சொல்லும் கட்டத்தில் டிக் போடுங்கள். ரீஸ்டார்ட். பிறகு இறக்கிய கோப்பை ஓடவிட்டு மறுபடி ரீஸ்டார்ட்.

பெரும்பாலானவர்களுக்கு இதோடு வேலை முடிந்தது. என் கணினியில் முடியவில்லை. நிறுவி 'வெற்றிகரமாக முடிந்தது' என்று சொல்லும், ரீஸ்டார்ட் செய்து பார்த்தால் அதே 'ஹை டெஃபனிஷன் ஆடியோ டிவைஸ்' அசையாமல் உட்கார்ந்திருக்கும். கூடவே உள்ளே இருக்கும் மைக்கும் வேலை செய்யாது. அந்த மைக்தான் துப்பு.

இன்டெல் செயலி (பிராசஸர்) உள்ள புதிய மடிக்கணினிகள் பலவற்றில் ஒலிச் சில்லுக்கும் செயலிக்கும் நடுவே 'ஸ்மார்ட் சவுண்ட் டெக்னாலஜி' என்று ஓர் அடுக்கு இருக்கிறது. உள் மைக்குகள் அதன் வழியாகத்தான் வருகின்றன. அந்த அடுக்கின் டிரைவர் இல்லையென்றால் விண்டோஸ் தன் பொது கன்ட்ரோலரைப் போட்டு ஒப்பேற்றிவிடும். அப்போது சில்லு 'எச்டிஆடியோ' என்ற பெயரில் தெரியும். நிறுவனம் கொடுத்த ரியல்டெக் டிரைவரோ 'இன்டெல்ஆடியோ' என்ற பெயரைத் தேடும். பெயர் பொருந்தாததால் ஒட்டாமல் போய்விடும், எந்த எச்சரிக்கையும் வராது.

தீர்வு வரிசையில்தான் இருக்கிறது. உங்கள் மாடலின் பக்கத்தில் 'இன்டெல் ஸ்மார்ட் சவுண்ட்' என்று தனி டிரைவர் இருந்தால் அதை முதலில் நிறுவி ரீஸ்டார்ட் செய்யுங்கள். டிவைஸ் மேனேஜரில் 'சிஸ்டம் டிவைசஸ்' பிரிவில் 'ஹை டெஃபனிஷன் ஆடியோ கன்ட்ரோலர்' போய், 'இன்டெல் ஸ்மார்ட் சவுண்ட்' என்று தொடங்கும் பெயர் வந்திருக்க வேண்டும். அது வந்த பிறகு ரியல்டெக்கை நிறுவுங்கள். தனி டிரைவர் எதுவும் தெரியவில்லையா? ஆடியோ கோப்பைச் செவன்-ஜிப் என்ற, சுருக்கிய கோப்புகளைப் பிரிக்கும் கருவியில் பிரித்துப் பாருங்கள், உள்ளே ஒரு ஃபோல்டரில் கிடக்கலாம். கிடைத்தால் டிவைஸ் மேனேஜரில் அந்தக் கன்ட்ரோலரின் மேல் 'அப்டேட் டிரைவர்', 'பிரவுஸ் மை கம்ப்யூட்டர்' கொடுத்து அந்த ஃபோல்டரைக் காட்டுங்கள்.

படி 4: ஒலி அமைப்புகள்

கன்ட்ரோல் பேனலில் சவுண்ட், உங்கள் ஸ்பீக்கர், பிராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு. அங்கே 24 பிட், 48,000 ஹெர்ட்ஸ் (ஒரு நொடிக்கு ஒலியின் எத்தனை மாதிரிகள் என்ற எண்) வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். 1,92,000 வரை காட்டும், ஆசைப்பட வேண்டாம். சிடியின் ஒலி 44,100, வீடியோக்களின் ஒலி பொதுவாக 48,000. எதைப் போட்டாலும் விண்டோஸ் எல்லாவற்றையும் நீங்கள் சொன்ன ஒரே அளவுக்கு மாற்றித்தான் கலக்கிறது. பெரிய எண் போட்டால் இல்லாத விவரம் புதிதாக முளைக்காது.

'லவுட்னஸ் ஈக்வலைசேஷன்' (மெல்லிய சத்தத்தையும் உரத்த சத்தத்தையும் சமப்படுத்தும் வசதி) இருந்தால் ராத்திரி சீரியல் பார்க்க நல்லது, பாட்டுக்கு அணைத்துவிடுங்கள். ஹெட்போனின் ஒலியைச் சரிக்கட்ட என் தேர்வு ஈக்வலைசர் ஏபிஓ என்ற மென்பொருள், அதை எளிதாக இயக்கும் முகப்பாக பீஸ். இரண்டும் இலவசம். டிரைவரை மாற்றினால் ஏபிஓ பேசாமல் கழன்றுகொள்ளும். அதன் டிவைஸ் தேர்வுக் கருவியை மறுபடி திறந்து உங்கள் ஸ்பீக்கரில் டிக் போட வேண்டும்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

ரியல்டெக்கின் ஒலி அமைப்புச் செயலியான ஆடியோ கன்சோல் 'ஆர்பிசி சர்வீஸோடு இணைய முடியவில்லை' என்கிறது: சர்வீசஸ் பட்டியலில் 'ரியல்டெக் ஆடியோ யுனிவர்சல் சர்வீஸ்' ஓடுகிறதா என்று பாருங்கள். அப்படி ஒன்றே இல்லையென்றால் உங்களுடையது பழைய வகை டிரைவர். அதற்குக் கன்ட்ரோல் பேனலில் இருக்கும் ரியல்டெக் எச்டி ஆடியோ மேனேஜர்தான், ஸ்டோரிலிருந்து கன்சோலை இறக்கிப் பயனில்லை.

பாட்டுக்கு நடுவே பட் பட்டென்று வெடிக்கிறது: ஆடியோ டிரைவரை மட்டும் சந்தேகிக்காதீர்கள். லேட்டன்சிமான் என்ற கருவியைச் சிறிது நேரம் ஓடவிட்டால் எந்த டிரைவர் இழுத்தடிக்கிறது என்று பெயரோடு சொல்லும். வைஃபை டிரைவராக இருந்தாலும் ஆச்சரியமில்லை.

ஏசியோ4ஆல் என்ற டிரைவரைப் போட்டால் ஒலியின் தரம் கூடுமா: கூடாது. அது பதிவு செய்பவர்களுக்கு, தாமதத்தைக் குறைக்க.

புளூடூத் ஹெட்போனில் மீட்டிங் தொடங்கியதும் சத்தம் பழைய டெலிபோன் மாதிரி ஆகிவிடுகிறது: ஹெட்போனின் மைக் திறந்ததும் புளூடூத் பாட்டுக்கான முறையை விட்டுவிட்டுப் பேச்சுக்கான மோனோ முறைக்கு மாறிவிடுகிறது. ரியல்டெக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மீட்டிங் செயலியின் அமைப்பில் மைக்காக மடிக்கணினியின் மைக்கைத் தேர்ந்தெடுத்தால் ஹெட்போன் ஒலி பழையபடி ஆகிவிடும்.