சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் பணம்: செய்கூலி இல்லை என்றால் சேதாரத்தைப் பாருங்கள்

நகைக்கடையில் "செய்கூலி இல்லை" என்று பலகை மாட்டியிருந்தால் நம் ஊர்ப் பெண்கள் அடுத்துக் கேட்கும் கேள்வி, "சேதாரம் எவ்வளவு?" என்பதுதான். பணம் அனுப்பும் செயலியில் "கட்டணம் 0" என்று பார்த்தாலும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும். இந்தத் தொழிலில் சேதாரம் என்பது மாற்று விகிதத்துக்குள் இருக்கிறது.

கூகுளில் ஒரு வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) எத்தனை ரூபாய் என்று தேடினால் வருவது சந்தையின் நடு விகிதம். வங்கிகள் தங்களுக்குள் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் இருப்பது அது. வைஸ் போன்ற சேவைகள் இந்த நடு விகிதத்தையே கொடுத்து, கட்டணத்தைத் தனியாக எடுத்துக்கொள்கின்றன. இன்னும் பல சேவைகளும் வங்கிகளும் கட்டணத்தைக் குறைவாகவோ பூஜ்யமாகவோ காட்டி, விகிதத்தில் சில காசுகளைக் குறைத்துக் கொடுக்கின்றன. இரண்டுமே நேர்மையான முறைகள்தான். ஆனால் ஒன்றின் கட்டணத்தையும் மற்றதன் விகிதத்தையும் தனித்தனியாக வைத்துப் பார்த்தால் ஏமாந்துபோவோம்.

பார்க்க வேண்டிய எண் ஒன்றே ஒன்று: உங்கள் கணக்கிலிருந்து மொத்தம் போகும் வெள்ளிக்கு, ஊரில் கணக்கில் விழும் ரூபாய் எவ்வளவு?

கணக்குக்கு எளிதாக நடு விகிதம் 70 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதல் சேவையில் கட்டணம் இல்லை, விகிதம் 69.10. இரண்டாவது சேவையில் கட்டணம் 5 வெள்ளி, விகிதம் 70. ஆயிரம் வெள்ளி அனுப்பினால் முதலாவதில் 69,100 ரூபாய் சேரும். இரண்டாவதில் 995 வெள்ளிதான் மாறும், ஆனாலும் 69,650 ரூபாய் வரும். இலவசம் என்றது 550 ரூபாய் அதிகம் பிடித்திருக்கிறது. இதே இரண்டில் 200 வெள்ளி மட்டும் அனுப்பிப் பாருங்கள்: முதலாவதில் 13,820, இரண்டாவதில் 13,650. இப்போது இலவசமே லாபம். இந்த உதாரணத்தில் திருப்பம் வருவது 389 வெள்ளியில். அதற்குக் கீழே முதலாவது, மேலே இரண்டாவது. அதனால் "எது மலிவு?" என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. நீங்கள் மாதாமாதம் அனுப்பும் தொகையைப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

வைஸ், இன்ஸ்டாரெம், ரெமிட்லி, வெஸ்டர்ன் யூனியனின் இணையச் சேவை, டிபிஎஸ் ரெமிட் ஆகியவற்றில் மூன்றைத் திறந்து, ஒரே தொகையை, ஐந்து நிமிடத்துக்குள் போட்டுப் பாருங்கள். காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும் பார்த்தால் இடையில் சந்தையே நகர்ந்திருக்கும். புது வாடிக்கையாளருக்கான சலுகை விகிதத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். முதல் தடவைக்கு, அதுவும் ஒரு வரம்புக்குள் மட்டும்தான் அது கிடைக்கும். இரண்டாம் மாதம் வரும் விகிதம்தான் அந்தச் சேவையின் உண்மையான முகம். சலுகையை வாங்கிக்கொள்ளுங்கள், அதை நம்பி அங்கேயே தங்கிவிடாதீர்கள்.

வார இறுதியில் அனுப்புவதைத் தவிர்ப்பது நல்லது. சிங்கப்பூர் நேரப்படி சனிக்கிழமை விடியற்காலையிலிருந்து திங்கட்கிழமை விடியற்காலை வரை உலக நாணயச் சந்தை மூடியிருக்கும். திங்கட்கிழமை விலை எப்படித் திறக்குமோ என்பதற்காகச் சில சேவைகள் விகிதத்தில் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்துவைக்கும். மற்றபடி, ரூபாய் இன்னும் சரியட்டும் என்று வாரக்கணக்கில் காத்திருப்பது சூதாட்டம். மாதம் 800 வெள்ளி அனுப்புகிறவருக்கு, விகிதம் 20 காசு கூடினாலும் கிடைப்பது 160 ரூபாய்தான்.

<b>கணக்கு திறப்பது</b>

சேவையைத் தேர்ந்தவுடன் முதல் வேலை, அது உரிமம் பெற்றதா என்று பார்ப்பது. சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் இணையதளத்தில் நிதி நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. நிறுவனத்தின் பெயர் அதில் இருக்க வேண்டும், எல்லை கடந்து பணம் அனுப்பும் சேவைக்கு அனுமதி உண்டு என்றும் குறிப்பிட்டிருக்க வேண்டும். செயலியைத் தேடுபொறி விளம்பரத்திலிருந்தோ வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பிலிருந்தோ இறக்காதீர்கள்.

சிங்கப்பூர் அரசின் மின் அடையாளமான சிங்பாஸ் இருந்தால், அரசிடம் உள்ள உங்கள் விவரத்தை எடுத்துத்தரும் மைஇன்ஃபோ வழியாகப் பெயர், ஃபின் எண் (வெளிநாட்டவர் அடையாள எண்), முகவரி எல்லாம் தானாக நிரம்பும். இல்லாவிட்டால் கடவுச்சீட்டு, வேலை அனுமதி அட்டை, சில நேரம் முகவரிச் சான்று ஆகியவற்றின் படங்கள் கேட்பார்கள். சரிபார்க்க நாள்கள் ஆகலாம். வீட்டில் யாரையாவது மருத்துவமனையில் சேர்த்த அன்றைக்குக் கணக்கு திறக்க உட்காராதீர்கள். இரண்டு சேவைகளில் முன்கூட்டியே கணக்கு திறந்து வைத்திருந்தால், ஒன்று தடைபட்டாலும் இன்னொன்று கைகொடுக்கும்.

<b>ஊரில் உள்ள கணக்கு: பெரும்பாலான சிக்கல் இங்கேதான்</b>

விகிதத்தில் 200 ரூபாய் மிச்சம் பிடிப்பதைவிட, பெறுபவர் விவரத்தைச் சரியாகப் போடுவது முக்கியம். இந்திய வங்கிகளுக்கு இடையே பணம் மாற்றும் நெஃப்ட் முறையில் வரும் பணம் கணக்கு எண்ணை மட்டும் நம்பித்தான் வரவு வைக்கப்படுகிறது. பெயர் சரியாக இருந்து எண்ணில் ஒரு இலக்கம் மாறினால், அந்த எண்ணில் வேறொருவர் கணக்கு இருக்கும்பட்சத்தில் பணம் அங்கே போய்விடும், திரும்பப் பெறுவது அவருடைய ஒப்புதலைப் பொறுத்தது. எனவே எண்ணை வாய்மொழியாகக் கேட்டு எழுதாதீர்கள். வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முதல் தடவை சிறு தொகை மட்டும் அனுப்பி, "வந்துவிட்டது" என்று ஊரிலிருந்து செய்தி வந்த பிறகு மிச்சத்தை அனுப்புங்கள்.

வங்கிக் கிளையைக் காட்டும் ஐஎஃப்எஸ்சி குறியீடு 11 எழுத்துகள் கொண்டது. முதல் நான்கு வங்கியைக் குறிக்கும், ஐந்தாவது எப்போதும் பூஜ்யம், கடைசி ஆறு கிளையைக் குறிக்கும். ஐந்தாவது இடத்தில் பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில ஓ எழுத்தைப் போடுவது மிகச் சாதாரணமான பிழை. பழைய வங்கிப் புத்தகமும் காலை வாரும். கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கி இந்தியாவோடு இணைந்தது. சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், கார்ப்பரேஷன் வங்கி யூனியன் வங்கியோடும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும் 2020 ஏப்ரலில் சேர்ந்தன. அந்தக் காலத்துப் புத்தகத்தில் இருக்கும் குறியீட்டை அப்படியே போடாமல் கிளையில் புதியதைக் கேட்டு வாங்குங்கள்.

பெயரில் நமக்கென்றே ஒரு தொல்லை உண்டு: முன்னெழுத்து. வங்கியில் "எம். செல்வி", ஆதாரில் "செல்வி முருகேசன்", நீங்கள் செயலியில் போட்டது வெறும் "செல்வி". செயலி குடும்பப் பெயரை வேறு கேட்கும். வங்கிப் புத்தகத்தில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே போடுங்கள். குடும்பப் பெயர் கட்டாயம் என்றால், முன்னெழுத்து குறிக்கும் தந்தை அல்லது கணவர் பெயரைப் போடலாம்.

அம்மாவின் கணக்கு எந்த வகை என்பதையும் விசாரியுங்கள். முழு ஆவணங்கள் இல்லாமல் திறந்த "சிறு கணக்கு" என்றால், இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக்கூடாது, ஆண்டு முழுவதும் வரவு ஒரு லட்சத்தைத் தாண்டக்கூடாது, அடையாளச் சான்று முழுமையாகும்வரை வெளிநாட்டுப் பணத்தை வரவு வைக்கவும் முடியாது. இந்திய அஞ்சல் கட்டண வங்கி (இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் பேங்க்) கணக்கில் நாள் முடிவில் இரண்டு லட்சத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது. இரண்டு ஆண்டுகளாகக் கொடுக்கல் வாங்கலே இல்லாத கணக்கு செயலற்றதாகியிருக்கும். இப்படிப்பட்ட கணக்கை முதலில் கிளைக்குப் போய்ச் சரிசெய்துவிடுவதே நல்லது. இல்லாவிட்டால் பணம் போய்த் திரும்பும், திரும்பி வரும்போது விகிதம் வேறாக இருக்கும்.

இங்கே சம்பாதித்ததை உங்கள் சொந்தப் பெயரில் ஊரில் சேமிக்க வேண்டுமென்றால், வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்இ கணக்கு ஏற்றது. வெளிநாட்டில் வேலைக்கு வந்தபின் பழைய சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருப்பது அந்நியச் செலாவணி விதிகளுக்குப் பொருந்தாது. என்ஆர்இ கணக்குக்கு அனுப்பும்போது, அந்தச் சேவை என்ஆர்இ கணக்கை ஏற்கிறதா என்று முன்பே பாருங்கள். சேவையின் இந்தியக் கூட்டாளி வங்கி உள்ளூர்ப் பரிமாற்றம்போல் அனுப்பினால், இது வெளிநாட்டுப் பணம்தானா என்று தெரியாமல் உங்கள் வங்கி திருப்பிவிடக்கூடும்.

<b>பணம் கட்டுவது</b>

செயலியில் தொகையைப் போட்டு விகிதத்தை உறுதி செய்ததும் சிங்கப்பூர் வங்கிகளின் உடனடிப் பணப் பரிமாற்ற முறையான பேநவ் வழியாகக் கட்டுங்கள். க்யூஆர் படத்தை வங்கிச் செயலியில் வருடினால் போதும், செலவில்லை. கடன் அட்டையில் கட்டவே வேண்டாம். சேவை தனியாகக் கட்டணம் பிடிக்கும், அட்டை வங்கி அதை ரொக்க முன்பணமாகக் கருதினால் அன்றிலிருந்தே வட்டியும் ஓடும்.

இங்கே நடக்கும் தவறுகள் மூன்று. நண்பருடைய வங்கிக் கணக்கிலிருந்து கட்டுவது: பெயர் பொருந்தாததால் பணம் திருப்பி அனுப்பப்படும். 805.40 என்று காட்டியிருக்க 805 மட்டும் கட்டுவது. கையால் விவரம் போடும்போது குறிப்பு எண்ணை விட்டுவிடுவது. கடைசி இரண்டிலும் பணம் யாருடையது, எதற்கு என்று தெரியாமல் நிறுவனத்தின் கணக்கில் அப்படியே கிடக்கும். வங்கியில் உங்கள் அன்றாடப் பரிமாற்ற வரம்பு குறைவாக இருந்தால் அதையும் முன்பே கூட்டி வையுங்கள்.

அனுப்பும் நோக்கம் கேட்டால் "குடும்பப் பராமரிப்பு" என்பது பெரும்பாலானோருக்குச் சரியான விடை. இந்தியாவில் இதற்கான குறியீடு பி1301. பெற்றோருக்கும் மனைவிக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் அனுப்பும் பணத்துக்கு அவர்கள் வருமான வரி கட்ட வேண்டியதில்லை. உறவினர் அல்லாதவருக்கு ஆண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் அன்பளிப்பாகப் போனால் அது அவருடைய வருமானமாகும். மனைவிக்கு அனுப்பியதை அவர் வைப்பு நிதியில் போட்டால், அந்த வட்டி கணவர் வருமானத்தோடு சேர்த்துக் கணக்கிடப்படும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

பெரிய தொகை என்றால் சேவை நடுவில் நிறுத்தி, சம்பளச் சீட்டோ வங்கி அறிக்கையோ கேட்கலாம். பதறாமல் கேட்டதைக் கொடுங்கள். தொகையைத் துண்டுதுண்டாக உடைத்து அனுப்பினால் சந்தேகம் கூடும்.

சாதாரண வங்கியின் ஸ்விஃப்ட் வழியில் (நாடுகளுக்கு இடையே வங்கிகள் பணம் அனுப்பும் பழைய முறை) அனுப்ப நேர்ந்தால், வெள்ளியாக அனுப்பாமல் இங்கேயே ரூபாயாக மாற்றி அனுப்பும் வழியைத் தேர்ந்தெடுங்கள். வெள்ளியாகப் போனால் இடைவங்கி ஒரு தொகையைக் கழிக்கலாம், ஊர் வங்கி தன் விகிதத்தில் மாற்றும், மாற்றியதற்கு ஜிஎஸ்டியும் பிடிக்கும். ஒரு லட்சம் ரூபாய்க்கு அது 180 ரூபாய்.

சிறு தொகைக்கு இன்னொரு வழியும் உண்டு. 2023 பிப்ரவரி 21-இல் பேநவ்வும் இந்தியாவின் யூபிஐயும் இணைக்கப்பட்டன. இதில் பங்கேற்கும் வங்கி இருபக்கமும் இருந்தால், யூபிஐ முகவரி போதும், கணக்கு எண் வேண்டாம். நாளுக்குச் சுமார் ஆயிரம் வெள்ளி வரம்பு, உடனே போய்ச் சேரும். விகிதம் உங்கள் வங்கி வைப்பதுதான், அதனால் இதையும் அதே மூன்று சேவைகளோடு ஒப்பிட்டே முடிவு செய்யுங்கள்.

உரிமம் இல்லாமல் பணம் மாற்றிவிடும் உண்டியல்காரர் எல்லோரையும்விட நல்ல விகிதம் தருவார். ரசீது இருக்காது, ஏமாற்றினால் புகார் சொல்ல இடம் இருக்காது. அம்மா கணக்கில் போடுவது யாருடைய பணம் என்றும் உங்களுக்குத் தெரியாது. அது மோசடிப் பணமாக இருந்தால் காவல்துறை முடக்குவது அம்மாவின் கணக்கைத்தான்.

<b>பணம் வரவில்லை என்றால்</b>

நெஃப்ட் இப்போது விடுமுறை இல்லாமல் 24 மணி நேரமும் இயங்குகிறது. செயலியில் "அனுப்பப்பட்டது" என்று காட்டி ஒரு வேலை நாள் கடந்தும் கணக்கில் விழவில்லை என்றால், வாடிக்கையாளர் சேவையிடம் "எப்போது வரும்?" என்று கேட்பதில் பயனில்லை. ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் தனியாக இருக்கும் யூடிஆர் எண்ணைக் கேளுங்கள். நெஃப்ட் என்றால் 16 எழுத்துகள் கொண்டது, ஐஎம்பிஎஸ் (உடனடிப் பரிமாற்ற முறை) என்றால் 12 இலக்க எண் தருவார்கள். அதை வீட்டாரிடம் அனுப்பி, வங்கிப் புத்தகத்தோடு கிளைக்குப் போகச் சொல்லுங்கள். பணம் வந்து நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறதா, திருப்பி அனுப்பப்பட்டதா, வரவே இல்லையா என்பதை அந்த எண்ணை வைத்து அவர்கள் பார்த்துச் சொல்ல முடியும். வரவே இல்லை என்று கிளை சொன்னால், அதை எழுதி வாங்கி, செயலியின் ரசீதோடு சேர்த்து நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள்.