இங்கிலாந்துப் பள்ளிகளில் வாசிப்புக் கணக்கு: வீட்டில் பெற்றோர் செய்ய வேண்டியவை

ஆரம்பப் பள்ளியின் சின்ன வகுப்புகளில் எழுத்து வேலை அதிகம் வராது. பையில் ஒரு மெல்லிய கதைப் புத்தகமும் ‘ரீடிங் ரெக்கார்ட்’ என்ற குறிப்பேடும் வரும். வீட்டுப்பாடமே இல்லை என்று நினைத்து அப்படியே திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அதுதான் வீட்டுப்பாடம். பிள்ளை பத்து நிமிடம் சத்தமாக வாசிக்க, நீங்கள் பக்கத்தில் இருந்து கேட்க வேண்டும். பிறகு தேதி, புத்தகத்தின் பெயர், படித்த பக்கம், ஒரு குறிப்பு, கையெழுத்து. வாரத்துக்கு எத்தனை நாள் என்பதைப் பள்ளியே சொல்லும். குறிப்பில் ‘குட்’ என்று மட்டும் எழுதினால் ஆசிரியருக்கு ஒன்றும் புரியாது. திணறிய சொற்களை எழுதுங்கள். ஆங்கிலத்தில் வாக்கியம் எழுதத் தயக்கம் இருந்தால் அந்தச் சொற்கள் மட்டுமே போதும்.

பள்ளியின் முதல் ஆண்டான ரிசெப்ஷன், அதற்கடுத்த இயர் 1 பிள்ளைகள் போனிக்ஸ் முறையில், அதாவது எழுத்தின் ஒலியைக் கொண்டு, வாசிக்கப் பழகுகிறார்கள். நாம் படித்ததுபோல ‘எஸ், ஐ, டி – சிட்’ என்று எழுத்தின் பெயரைச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை குழம்பும். ‘ஸ், இ, ட்’ என்று ஒலியைச் சொல்லிச் சேர்க்க வேண்டும். மெய்யெழுத்தாகவே சொல்லுங்கள், ‘ஸ’, ‘ட’ என்று அகரம் ஏறினால் ஒலிகள் ஒட்டாது. புள்ளி வைத்த எழுத்தைத் தெரிந்தவர்களுக்கு இது எளிது.

ஒரே புத்தகம் சில நாட்கள் தொடர்ந்து வந்தால் ஆசிரியர் மறந்துவிட்டார் என்று எண்ண வேண்டாம். முதல் வாசிப்பு எழுத்துக் கூட்டுவதற்கு, அடுத்தது தடையின்றிப் படிப்பதற்கு, அதற்கடுத்தது பொருளுணர்ந்து படிப்பதற்கு.

இயர் 1 ஜூன் மாதத்தில் போனிக்ஸ் சோதனை நடக்கும். 40 சொற்கள், அவற்றில் 20 பொருளற்றவை, பக்கத்தில் விசித்திர உயிரினத்தின் படம் இருக்கும். நன்றாக ஆங்கிலம் பேசும் பிள்ளைகள்கூட இவற்றைத் தெரிந்த சொல்லாக மாற்றிப் படித்துவிடுவார்கள். பயிற்சியின்போது ‘இப்படி ஒரு சொல்லே இல்லையே’ என்று திருத்தாதீர்கள். எதிர்பார்த்த அளவை எட்டாதவர்களுக்கு இயர் 2-இல் மறுபடி சோதிப்பார்கள். வகுப்பில் நிறுத்திவைக்க மாட்டார்கள்.

அடுத்துக் கவனிக்க வேண்டியது, புத்தகத்தின் கடினத்தைக் காட்டும் வண்ணப் படிநிலை: பிங்க், சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று லைம் வரை போகும். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஆரஞ்சில் இருக்கிறது, நம் பிள்ளை மஞ்சளில் நிற்கிறதே என்று ஆசிரியரை நெருக்குவதால் கெடுதலே அதிகம். ஐம்பது சொல் உள்ள பக்கத்தில் ஐந்துக்கு மேல் தடுமாறினால் அந்தப் புத்தகம் கனமானது. தடுமாறாமல் படித்தாலும் புரிந்திருக்கும் என்று நம்பிவிட முடியாது. அவன் ஏன் ஓடினான், அடுத்து என்ன நடக்கும் என்று தமிழிலேயே கேளுங்கள். தமிழில் பதில் வந்தாலும் புரிதல் புரிதல்தான்.

பெரிய வகுப்புகளிலும் மேல்நிலைப் பள்ளிகளிலும் பல இடங்களில் ‘ஆக்சிலரேட்டட் ரீடர்’ (ஏஆர்) என்ற கணினிவழி வாசிப்புத் திட்டம் உண்டு. முதலில் கணினியில் ‘ஸ்டார் ரீடிங்’ தேர்வு. அதிலிருந்து, நூலின் மொழிக்கடினத்தைக் குறிக்கும் 3.2–4.6 என்பதுபோல ஒரு வரம்பு தருவார்கள். அந்த வரம்புக்குள் நூல் எடுத்துப் படித்து, முடித்ததும் கணினியில் வினாக்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். நூலைப் பொறுத்து 5, 10 அல்லது 20 வினாக்கள். சிறிய வினாத்தாளுக்கு 60 சதவீதமும் 20 வினாவுக்கு 70 சதவீதமும் தேர்ச்சி. ஆனால் கவனிக்க வேண்டியது சராசரி: 85 சதவீதத்துக்குக் குறையாமல் இருப்பது நல்லது.

நூலின் சொல் எண்ணிக்கையும் கடினமும் கூடக்கூட, பிள்ளைக்குக் கிடைக்கும் புள்ளியும் கூடும். அதற்காகத் தடித்த நூலை எடுத்துப் பாதியில் விடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. நூலின் திரைப்படத்தைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லப் போவது இன்னொன்று. நூலில் உள்ளது படத்தில் மாறியிருக்கும். ஒரு நூலுக்கு ஒரே வாய்ப்புதான். அதனால் படித்து முடித்த ஓரிரு நாளுக்குள் எழுதிவிட வேண்டும்.

3.2, 4.6 போன்ற அந்த எண் மொழிக்கடினத்தை மட்டுமே காட்டும், உள்ளடக்கத்தை அல்ல. குறைந்த எண்ணுள்ள நூலிலும் வயதுக்கு மீறிய விஷயம் இருக்கலாம். ‘ஏஆர் புக்ஃபைண்டர்’ தளத்தில் தலைப்பைத் தேடினால் வயதுப்பிரிவும் தெரியும்: எல்ஒய் சிறு பிள்ளைகளுக்கு, எம்ஒய் அதற்கடுத்த வயதுப் பிள்ளைகளுக்கு, யூஒய் 14 வயது முதல்.

ஸ்டார் தேர்வில் ஒவ்வொரு கேள்விக்கும் நேர வரம்பு உண்டு. புதிதாக வந்த பிள்ளை விடை தெரிந்தும் மெதுவாகப் படிப்பதால் கேள்விகளைத் தவறவிடும், அதனால் நூல் வரம்பு மிகத் தாழ்வாக வரும். கூடுதல் நேரம் அமைக்க வழி இருக்கிறது, வகுப்பாசிரியரிடம் கேளுங்கள்.

புத்தகத்துக்குச் செலவே வேண்டாம். உள்ளூர் நூலகத்தில் பிள்ளைக்கு இலவச உறுப்பினர் அட்டை எடுங்கள். மார்ச் முதல் வியாழன் உலகப் புத்தக நாளையொட்டிப் பள்ளியில் £1 டோக்கன் தருவார்கள். கோடை விடுமுறையில் நூலகங்கள் நடத்தும் வாசிப்புச் சவாலில் பிள்ளையைச் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் செப்டம்பரில் வாசிப்பில் பின்தங்கித் திரும்பலாம். தமிழ் நூல்களும் இருமொழி நூல்களும் இருக்கின்றனவா என்று அங்கேயே விசாரியுங்கள். வீட்டில் படிக்கும் தமிழ்க் கதையையும் ரீடிங் ரெக்கார்டில் எழுதலாமா என்று ஆசிரியரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.