ஒரு கண்ணை மூடிப் பார்த்தீர்களா? மாகுலா தேய்வில் நாம் செய்யும் தவறுகள்

பெரியம்மா ஆறு மாதத்தில் மூன்று கண்ணாடி மாற்றினார். "வரியெல்லாம் வளைஞ்சு வளைஞ்சு தெரியுது, கடைக்காரன் பவரைத் தப்பாப் போட்டுட்டான்" என்பதுதான் எப்போதும் புகார். ஒரு நாள் வலது கண்ணில் தூசி விழ, முந்தானையால் அதைப் பொத்திக்கொண்டு சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைப் பார்த்திருக்கிறார். மேலே சாமி படம் தெரிகிறது, ஓரத்து ஆணி கூடத் தெரிகிறது. தேதி இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு சாம்பல் திட்டு. இடது கண்ணின் நடுப்பார்வை போயிருந்தது. எப்போது போனது என்று அவருக்கே தெரியாது.

மாகுலா தேய்வு என்ற இந்த நோயில் முதல் தவறு இப்படித்தான் நடக்கிறது. இரண்டு கண்ணும் திறந்திருந்தால், நல்ல கண் மற்றதன் குறையை மூடி மறைத்துவிடும். விழித்திரையின் நடுவே சுமார் 5 மி.மீ. அகலமே உள்ள இடம் மாகுலா. படிப்பது, முகம் பார்த்து ஆளை அறிவது, ஊசியில் நூல் கோர்ப்பது எல்லாம் அதன் வேலை. வயது ஏற ஏற அதன் அடியில் ட்ரூசன் என்ற கொழுப்புக் கழிவு படியும். செல்கள் மெல்ல மெல்லத் தேய்ந்தால் உலர் வகை. புதிய ரத்தக்குழாய்கள் முளைத்து நீரும் ரத்தமும் கசிந்தால் ஈர வகை. பத்தில் சுமார் ஒன்பது பேருக்கு உலர் வகைதான். ஆனால் பார்வையைச் சில வாரங்களிலேயே பறிக்கக்கூடியது ஈர வகை.

ஐம்பது தாண்டியவர்கள் வாரம் ஒரு முறையாவது படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கலாம். இதற்கென்றே ஆம்ஸ்லர் கட்டம் என்று ஒன்று இருக்கிறது. கட்டம் போட்ட கணக்கு நோட்டு மாதிரி, நடுவில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியையே பார்க்க வேண்டும். அது கையில் இல்லாவிட்டால் குளியலறை டைல்ஸும் ஜன்னல் கம்பியும் ஓரளவுக்கு உதவும். நேர்கோடு புதிதாக வளைந்தாலோ, நடுவில் திட்டு தெரிந்தாலோ ஓரிரு நாளில் விழித்திரை மருத்துவரைப் பார்க்க வேண்டும். பேரன் கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போடும் விஷயம் இல்லை இது.

"புரையாத்தான் இருக்கும், முத்தட்டும்" என்று காத்திருப்பது அடுத்த தவறு. புரை கண்ணின் லென்ஸில் வருவது. பனி மூடினாற்போல் எல்லாமே மங்கும். மாகுலா கெட்டால் நடுப்பகுதிதான் அடிவாங்கும். புரையை எடுத்தாலும் அது சரியாகாது. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம் என்பதால், புரை அறுவைக்கு முன் மாகுலா எப்படி இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். விழித்திரையை அடுக்கடுக்காகப் படம் பிடிக்கும் ஓசிடி ஸ்கேன் சில நிமிடத்தில் காட்டிவிடும்.

நான் அதிகம் பார்த்த தவறு, ஊசியைப் பாதியில் நிறுத்துவது. ஈர வகைக்குக் கண்ணுக்குள்ளேயே ஊசி போடுவார்கள். கேட்டாலே உடம்பு கூசும். சொட்டு மருந்தில் மரத்துப்போன பிறகு போடுவதால் லேசாக அழுத்துவது போலத்தான் இருக்கும், சில நொடி வேலை. பொதுவாக முதல் மூன்று மாதம் மாதத்துக்கு ஒன்று, அப்புறம் கண்ணைப் பார்த்து இடைவெளியை நீட்டுவார்கள். மூன்று போட்டதும் "இப்போ நல்லாத் தெரியுதே" என்று ஒருவர் நிறுத்துவார். "ஒண்ணும் தெரியலையே" என்று இன்னொருவர் நிறுத்துவார். இரண்டுமே தப்பு. மருந்து கசிவை அடக்கி வைக்கிறது, வேரோடு பிடுங்குவதில்லை. இருக்கிற பார்வை அப்படியே நின்றாலே ஊசி வேலை செய்கிறது என்று அர்த்தம்.

செலவுதான் காரணம் என்றால் மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். இந்த ஊசியில் போடும் மருந்துகளில், பெருங்குடல் புற்றுநோய்க்கு வந்த பெவாசிசுமாப், விலை அதிகமான ரனிபிசுமாபுக்கு ஏறக்குறைய ஈடாகப் பார்வையைக் காக்கிறது என்று 2011இல் வெளியான அமெரிக்க ஒப்பீட்டு ஆய்வு காட்டியது. ரனிபிசுமாபுக்கு இணையான உள்நாட்டுத் தயாரிப்பும் 2015 முதல் இந்தியாவில் இருக்கிறது. ஊசி போட்ட சில நாளில் வலி கூடினாலோ, கண் சிவந்து பார்வை குறைந்தாலோ மட்டும் அன்றே ஓட வேண்டும். அது உள்ளே கிருமி புகுந்ததன் அறிகுறியாக இருக்கலாம். அரிதுதான், ஆனால் ஆபத்து.

மாத்திரை விஷயத்தில் நடப்பது வேறு மாதிரி. விட்டமின் சி, ஈ, துத்தநாகம், தாமிரம், லூட்டின், ஜியாசாந்தின் சேர்ந்த மாத்திரை, நடுத்தர நிலை உலர் வகை உள்ளவர்களுக்கு நோய் முற்றுவதைக் குறைக்கிறது. ஆரம்ப நிலைக்கோ, நோயே இல்லாதவர்களுக்கோ அது தடுப்பு மருந்து அல்ல. அப்பாவுக்கு எழுதிக்கொடுத்ததை வீடு முழுக்க விழுங்குவதில் பயன் இல்லை. பீட்டா கரோட்டின் கலந்த, இதே மாத்திரையின் பழைய கலவையைப் புகைப்பவர்கள் தொடவே கூடாது, நுரையீரல் புற்றுநோய் அபாயம் கூடும். அதைவிட அந்தப் பீடியை விடுவது மேல். வயதையும் பரம்பரையையும் மாற்ற முடியாது, இதை முடியும். கண்ணில் தேன் விடுவதை ஏன் இன்னும் செய்கிறார்கள் என்பது எனக்குப் புரிந்ததே இல்லை.

இன்னொன்று வீட்டார் செய்வது. நடுப்பார்வை போனவர் தெருவில் எதிரே வருபவரின் முகம் தெரியாமல் கடந்து போவார். உடனே "திமிர்" என்று பேச்சு கிளம்பும். சிலருக்கு இல்லாத உருவங்களும் தெரியும். சார்ல் போனே என்ற சுவிட்சர்லாந்துக்காரர் 1760இல் தன் தாத்தாவுக்கு இப்படித் தெரிந்ததை எழுதிவைத்தார். இன்றும் அவர் பெயரில்தான் மருத்துவர்கள் இதைச் சொல்கிறார்கள். சரியாகத் தகவல் வராத இடத்தை மூளை தானே நிரப்பிக்கொள்கிறது, அவ்வளவுதான். பெரியம்மாவுக்கு வெள்ளைச் சுவரில் பூக்கள் தெரிந்தன. பைத்தியம் என்பார்களோ என்று பயந்து நான்கு மாதம் யாரிடமும் மூச்சு விடவில்லை. இப்போதும் எப்போதாவது வருகின்றன. காபி டம்ளரோடு சுவரைப் பார்த்து, "இன்னிக்குக் கனகாம்பரம்" என்பார்.