லினக்ஸில் ஃபோல்டரின் நிஜமான அளவையும் தேதியையும் பார்ப்பது எப்படி?

'டிஸ்க்கில் இடம் போதவில்லை' என்ற எச்சரிக்கை திரையில் வந்துவிட்டால் இரண்டு விஷயங்கள் உடனே தெரிந்தாக வேண்டும். எந்த ஃபோல்டர் இவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது? அதற்குள் இருப்பதை நாம் கடைசியாக எப்போது மாற்றினோம்? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்தால்தான் எதை அழிக்கலாம், எதை வெளி டிஸ்க்குக்கு மாற்றலாம், எதைத் தொடவே கூடாது என்று முடிவெடுக்க முடியும்.

லினக்ஸில் இது எளிதுதான். ஆனால் புதிதாக வருபவர்கள் ஒரு இடத்தில் கட்டாயம் ஏமாறுவார்கள். ஃபைலுக்கு நேராக இருக்கும் அளவையும் தேதியையும் அப்படியே நம்பலாம். ஃபோல்டருக்கு நேராக இருப்பதை அப்படி நம்ப முடியாது. அங்கே அளவும் வேறு கணக்கு, தேதியும் வேறு கணக்கு. அந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் போவோம்.

நான் விளக்குவது உபுண்டு 24.04-இல் இருக்கும் 'ஃபைல்ஸ்' செயலியை வைத்து. மின்ட், ஃபெடோரா என்று வேறு எதையாவது வைத்திருந்தால் மெனுவின் இடமும் சில குறுக்கு விசைகளும் மாறியிருக்கலாம்.

படி 1: பட்டியலாக மாற்றுங்கள்

ஃபைல்ஸைத் திறந்ததும் பெரிய பெரிய ஐகான்களாகத் தெரிந்தால் கண்ட்ரோல் பட்டனை அழுத்திக்கொண்டு 1-ஐத் தட்டுங்கள். எல்லாம் வரிசையாக, பட்டியலாக மாறிவிடும். பழையபடி ஐகானாக வேண்டுமென்றால் கண்ட்ரோலோடு 2.

பட்டியலின் தலைப்பில் 'நேம்', 'சைஸ்', 'மாடிஃபைடு' என்ற பத்திகள் இருக்கும். மாடிஃபைடு என்பது கடைசியாக மாற்றிய தேதி. 'சைஸ்' என்ற தலைப்பை ஒருமுறை கிளிக் செய்தால் அளவின்படி வரிசை மாறும், இன்னொரு முறை கிளிக் செய்தால் அந்த வரிசை தலைகீழாகும். தேதிக்கும் இதே வழிதான். ஏதாவது ஒரு பத்தி காணவில்லை என்றால் மேலே உள்ள மெனுவில் 'விசிபிள் காலம்ஸ்' என்பதைத் திறந்து டிக் செய்துகொள்ளுங்கள். 'அக்சஸ்டு', 'கிரியேட்டட்' என்று இன்னும் சில தேதிகளும் அங்கே கிடைக்கும். இப்போதைக்கு மாடிஃபைடு போதும்.

மறைந்திருக்கும் ஃபோல்டர்களையும் பார்க்க கண்ட்ரோலோடு ஹெச் தட்டுங்கள். புள்ளியில் தொடங்கும் பெயர்களெல்லாம் அப்போதுதான் தெரியும். பிரவுசரும் மற்ற செயலிகளும் சேர்த்து வைக்கும் கேச், அதாவது தற்காலிகத் தகவல்கள், பெரும்பாலும் அங்கேதான் குவிந்து கிடக்கும். பார்த்து முடித்ததும் மறுபடி கண்ட்ரோல் ஹெச் தட்டி மறைத்துவிடுங்கள். அந்தப் பெயர்களில் பல, செயலிகளின் அமைப்புகளை வைத்திருப்பவை. கை தவறி அழித்தால் தலைவலி.

ஃபோல்டருக்கு நேரே ஏன் எம்பி, ஜிபி இல்லை?

பட்டியலில் ஃபைலுக்கு நேரே '2.3 எம்பி' என்று இருக்கும். ஃபோல்டருக்கு நேரே '14 ஐட்டம்ஸ்' என்று இருக்கும். இந்த 14 என்பது அந்த ஃபோல்டரின் முதல் அடுக்கில் மட்டும் எத்தனை பொருள்கள் இருக்கின்றன என்ற எண்ணிக்கை. அந்தப் பதினான்கும் சேர்ந்து 14 கேபியாகவும் இருக்கலாம், 140 ஜிபியாகவும் இருக்கலாம்.

உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் கூட்டித்தான் ஃபோல்டரின் அளவைச் சொல்ல முடியும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அத்தனையையும் எண்ணிக் கூட்டினால் ஃபைல்ஸ் செயலி ஆமை வேகத்துக்கு வந்துவிடும். அதனால்தான் அது எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்கிறது. கேடிஇ என்ற டெஸ்க்டாப்பை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. அதன் ஃபைல் செயலியான டால்ஃபினின் அமைப்புகளில், ஃபோல்டருக்கு எண்ணிக்கைக்குப் பதிலாக உள்ளே இருப்பவற்றின் மொத்த அளவைக் காட்டச் சொல்லலாம்.

ஒரே ஒரு ஃபோல்டரின் அளவு போதுமென்றால் அதன்மேல் ரைட் கிளிக் செய்து 'பிராப்பர்ட்டீஸ்' திறங்கள். ஆல்ட்டோடு என்டர் தட்டினாலும் அதேதான். உள்ளே எத்தனை பொருள்கள், மொத்தம் எவ்வளவு என்று எண்ணத் தொடங்கும். பெரிய ஃபோல்டர் என்றால் எண் ஏறிக்கொண்டே இருக்கும். அது நின்ற பிறகு வரும் தொகைதான் சரியானது.

ஃபோல்டரின் தேதியை ஏன் நம்பக்கூடாது?

இந்தப் பகுதியை மட்டும் அவசரமில்லாமல் படியுங்கள். அழிக்கும் முன் எல்லோரும் பார்ப்பது தேதியைத்தான்.

ஒரு ஃபோல்டரின் மாடிஃபைடு தேதி எப்போது மாறும்? அதன் முதல் அடுக்கில் ஏதாவது புதிதாகச் சேர்ந்தால், நீங்கினால், அல்லது ஒரு பெயர் மாறினால் மட்டுமே மாறும். உள்ளே இருக்கும் ஒரு ஃபைலின் உள்ளடக்கத்தை மட்டும் மாற்றினால் ஃபோல்டரின் தேதி நகராது. அதற்குள் இருக்கும் ஃபோல்டருக்குள் ஏதாவது நடந்தாலும் வெளி ஃபோல்டருக்கு அது தெரியாது.

'கடை' என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் '2024', அதற்குள் 'மாதக் கணக்கு'. தினமும் ராத்திரி மாதக் கணக்கில் ஒரு ஃபைலைத் திறந்து விற்பனையை எழுதிச் சேமிக்கிறீர்கள். ஆனாலும் கடை ஃபோல்டருக்கு நேரே, '2024' என்ற ஃபோல்டரை உருவாக்கிய அந்தப் பழைய தேதியே நிற்கும். தேதிப்படி வரிசைப்படுத்தி, 'இதைத் தொட்டு ரொம்ப நாளாச்சு' என்று நினைத்து அழித்தால் நேற்று ராத்திரி எழுதிய கணக்கும் சேர்ந்து போய்விடும்.

நம்பிக்கை வரவில்லையா? நீங்களே செய்து பாருங்கள். 'சோதனை' என்று ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். அதற்குள் 'உள்ளே' என்று இன்னொன்று. இரண்டு நிமிடம் விட்டுவிட்டு, ஏதாவது ஒரு படத்தை 'உள்ளே' ஃபோல்டரில் காப்பி செய்யுங்கள். இப்போது இரண்டின் பிராப்பர்ட்டீஸையும் திறந்து மாடிஃபைடு நேரத்தைப் பாருங்கள். 'உள்ளே'யின் நேரம் மாறியிருக்கும். 'சோதனை' அப்படியே இருக்கும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. லிப்ரே ஆஃபிஸில் ஒரு ஃபைலைத் திறந்ததும், வேறு யாரும் அதே நேரத்தில் அதைத் திருத்தாமல் இருக்க, அதே ஃபோல்டரில் மறைவாக ஒரு பூட்டு ஃபைலை அது உருவாக்கும். மூடும்போது அழித்துவிடும். ஃபோல்டரைப் பொறுத்தவரை ஒன்று சேர்ந்து ஒன்று நீங்கியிருக்கிறது. எனவே நீங்கள் ஒரு எழுத்துகூட மாற்றாமல் படித்துவிட்டு மூடினாலும் ஃபோல்டரின் தேதி இன்றைக்கு வந்துவிடும்.

ஃபைலின் தேதியில் இந்தக் குழப்பம் இல்லை. பெயர் மாற்றினாலும் ஃபைலின் மாடிஃபைடு தேதி மாறாது. அதே டிஸ்க்கில் வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினாலும் மாறாது. உள்ளடக்கம் மாறினால்தான் மாறும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும், அது மாற்றிய தேதிதான், பார்த்த தேதி இல்லை. தினமும் எடுத்துப் பார்க்கும் குடும்பப் படத்துக்கும் பல வருடத்துக்கு முந்தைய தேதியே இருக்கும்.

படி 2: எல்லா ஃபோல்டர்களையும் ஒன்றாக அளக்க

இதற்கென்றே 'டிஸ்க் யூசேஜ் அனலைசர்' என்ற செயலி இருக்கிறது. செயலிகளின் பட்டியலில் தேடுங்கள். இல்லையென்றால் ஆப் சென்டரில் அதே பெயரில் தேடி நிறுவிக்கொள்ளலாம். 'பேபாப்' என்பது அதன் இன்னொரு பெயர்.

திறந்ததும் உங்கள் ஹோம் ஃபோல்டரும் டிஸ்க்குகளும் தெரியும். முதல் தடவை ஹோமை மட்டும் கிளிக் செய்யுங்கள். மறைந்திருப்பவை உட்பட எல்லாவற்றையும் எண்ணி முடித்துவிட்டு, பெரியது மேலே வரும்படி பட்டியல் தரும். ஃபோல்டரின் பெயர், மொத்த அளவு, உள்ளே இருப்பவற்றின் எண்ணிக்கை, மாற்றிய காலம் நான்கும் ஒரே வரியில் இருக்கும். மாற்றிய காலத்தை மட்டும் 'இத்தனை நாள்', 'இத்தனை மாதம்' என்று பொத்தாம்பொதுவாகத்தான் சொல்லும். பக்கத்தில் வண்ண வளையங்களாக ஒரு படமும் வரும். எந்த வில் அகலமாக இருக்கிறதோ அங்கேதான் இடம் போயிருக்கிறது. அதைக் கிளிக் செய்தால் அந்த ஃபோல்டருக்குள் நுழையலாம்.

'எது பெரியது' என்பது மட்டும்தான் உங்கள் கேள்வி என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். துல்லியமான தேதியும் வேண்டும் என்பவர்கள் அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 3: டெர்மினலில் ஒரே வரி

டெர்மினல் என்பது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரை. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். நாம் தட்டப்போகும் கட்டளை படித்துக் காட்ட மட்டுமே செய்யும், எதையும் அழிக்காது. 1971-இல் வந்த யூனிக்ஸின் முதல் பதிப்பிலேயே இருந்த கட்டளை இது.

அளக்க வேண்டிய ஃபோல்டரை ஃபைல்ஸில் திறந்து, காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து 'ஓப்பன் இன் டெர்மினல்' கொடுங்கள். இனி தட்ட வேண்டியதெல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்துகள்தான். ஒரு எழுத்தைப் பெரிய எழுத்தாகத் தட்டினாலும் அது வேறு கட்டளையாகிவிடும்.

முதலில் டிஸ்க், யூசேஜ் என்ற இரண்டு சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்துத் தட்டுங்கள். ஒரு இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும் ஹியூமன் என்பதன் முதல் எழுத்தும். அளவை மனிதர்கள் படிக்கிற மாதிரி எம்பி, ஜிபியில் காட்டு என்று பொருள். மறுபடி இடைவெளி, ஒரு சிறு கோடு, டெப்த் என்பதன் முதல் எழுத்து, அதை ஒட்டி எண் 1. ஒரு அடுக்கு மட்டும் காட்டினால் போதும் என்கிறோம். கடைசியாக இடைவெளி விட்டு, இரண்டு சிறு கோடுகள், அதை ஒட்டி டைம் என்ற முழுச் சொல். என்டர்.

திரையில் வருவது இந்த அமைப்பில் இருக்கும் (அளவின் எழுத்துகள் ஆங்கிலத்தில் வரும்):

12எம்    2021-06-14 10:22    ./பழைய பில்கள்
3.4ஜி    2025-01-09 21:07    ./கடை
38ஜி     2023-11-26 18:51    ./வீடியோ
41ஜி     2025-01-09 21:07    .

வெறும் புள்ளி இருக்கும் கடைசி வரிதான் மொத்தம். 'கடை'க்கு நேரே இருக்கும் தேதியைக் கவனியுங்கள். இந்தக் கட்டளை உள்ளே எத்தனை அடுக்கு இருந்தாலும் அத்தனைக்கும் போய், கடைசியாக எது மாறியதோ அதன் தேதியை மேலே கொண்டுவருகிறது. பட்டியலில் பழையதாகத் தெரிந்த கடை, இங்கே நேற்று ராத்திரியின் நேரத்தோடு நிற்கும். டெர்மினலை நான் சிபாரிசு செய்வது இதற்காகவே. பூட்டு ஃபைல் மாதிரியான சமாச்சாரங்களால் இந்தத் தேதி நிஜத்தைவிடப் புதியதாகத் தெரியலாம். அழிப்பதற்கு முன் பார்க்கிறோம் என்பதால் அந்தப் பக்கம் தவறினால் பாதகமில்லை.

டெர்மினலில் தமிழ்ப் பெயர்களின் கொம்பும் காலும் பிரிந்து சிதறித் தெரியலாம். அது திரையில் காட்டும் குறைதான். ஃபைலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

வரிசை தாறுமாறாக வருகிறதா? அதே வரியின் முடிவில் இடைவெளி விட்டு ஒரு செங்குத்துக் கோடு, அப்புறம் சார்ட் என்ற ஆங்கிலச் சொல், இடைவெளி, சிறு கோடு, மறுபடி ஹியூமனின் முதல் எழுத்து. சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கித் தரும். தேதிப்படி வேண்டுமென்றால் அந்தக் கடைசி எழுத்துக்குப் பதிலாக கீ என்பதன் முதல் எழுத்தும் எண் 2-உம். இரண்டாவது பத்தியை வைத்து அடுக்கு என்று பொருள். வருடம், மாதம், நாள் என்ற முறையில் தேதி இருப்பதால் பழையது தானாக மேலே வந்துவிடும்.

தனி ஃபைல்களும் பட்டியலில் வேண்டுமா? ஹியூமனின் எழுத்துக்கு முன்னால், அதே சிறு கோட்டை ஒட்டி, ஆல் என்பதன் முதல் எழுத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு இடத்தில் இரண்டு அளவு காட்டுகிறதே?

காட்டும். ஃபைல்ஸ் செயலி 1000 பைட்டை ஒரு கிலோபைட்டாக எண்ணுகிறது. டெர்மினலில் நாம் தட்டிய கட்டளை 1024-ஐ வைத்து எண்ணுகிறது. சரியாக 107,37,41,824 பைட் உள்ள ஒரு ஃபைல் டெர்மினலில் 1 ஜிபி, ஃபைல்ஸில் 1.1 ஜிபி. 500 ஜிபி என்று வாங்கிய டிஸ்க்கை விண்டோஸ் 465 ஜிபி என்று காட்டுவதும் இதனால்தான். எதுவும் திருட்டுப் போகவில்லை.

இன்னொரு காரணம், டெர்மினல் கட்டளை சொல்வது டிஸ்க்கில் பிடித்திருக்கும் இடத்தை. பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் ஒரே ஒரு எழுத்து உள்ள ஃபைல்கூட 4 கேபி இடத்தைப் பிடிக்கும். குட்டி ஃபைல்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும் ஃபோல்டரில் இந்த வித்தியாசம் பெரிதாகவே தெரியும்.

அழித்த பிறகும் இடம் வரவில்லையா?

டெலீட் பட்டனை அழுத்தினால் ஃபைல் குப்பைக்கூடைக்குத்தான் போகிறது. அதுவும் அதே டிஸ்க்கில் இருக்கிறது. பக்கவாட்டில் 'டிராஷ்' திறந்து 'எம்ப்டி' கொடுத்தால்தான் இடம் திரும்பக் கிடைக்கும். பென்டிரைவிலிருந்து அழித்தவை அந்தப் பென்டிரைவிலேயே ஒரு மறைவான ஃபோல்டருக்குள் போய்க் கிடக்கும். அதைச் செருகியிருக்கும்போதே டிராஷைக் காலி செய்துவிட்டுப் பிறகு கழற்றுங்கள்.