மென்மையான கார் பெயின்ட்டில் சுழல் கீறல்களை மெஷின் பாலிஷ் மூலம் பாதுகாப்பாக நீக்கும் முறை

கறுப்பு, அடர்நீலம் போன்ற நிறக் கார்களை வெயிலில் நிறுத்திப் பார்த்தால், சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை போல மெல்லிய கீறல்கள் தெரியும். உண்மையில் அவை வட்டமாக விழுந்தவை அல்ல. எல்லாத் திசைகளிலும் தாறுமாறாக ஓடும் கீறல்களில் ஒளிக்குக் குறுக்காக அமைந்தவை மட்டும் மின்னுவதால் வட்டமாகத் தோன்றுகின்றன. வேலூர்ப் பக்கம் இவற்றுக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலைப் புழுதியும் வறண்ட பாலாற்றின் மணலும் பானட்டில் படிந்திருக்க, காலையில் காய்ந்த துணியால் ஒரு துடை துடைத்துவிட்டு வண்டியை எடுக்கும் வழக்கம் ஒன்றே போதும்.

இக்கீறல்கள் நிறத்தின் மேல் பூசப்படும் க்ளியர் கோட் எனும் நிறமற்ற படலத்தில் இருக்கின்றன. கம்பெனி பெயின்ட்டில் அதன் தடிமன் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரைதான். பாலிஷ் செய்வது என்பது கீறலைச் சுற்றியுள்ள பரப்பைச் சீவி, கீறலின் அடிமட்டத்துக்குக் கொண்டுவருவதாகும். சீவியதைத் திரும்ப வைக்க முடியாது. வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தடுப்பதும் இதே படலம்தான் என்பதால், நகம் மாட்டும் அளவுக்கு ஆழமான கீறல்களை அப்படியே விட்டுவிடுவது நல்லது. பட்டறையில் மறுபடி பெயின்ட் அடித்த கதவோ பம்பரோ இருந்தால், அதன் தடிமனும் மென்மையும் மற்ற பகுதிகளிலிருந்து வேறுபடும். தடிமன் அளக்கும் கருவி கிடைத்தால் முதலில் அளந்து கொள்ளவும்.

கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் நேரத்தைத் தேர்ந்தெடுப்பதே பாதி வேலை. சூடான தகட்டில் பாலிஷ் உடனே காய்ந்து பொடியாகி, அந்தப் பொடியே புதுக் கீறல் போடும். மாலையிலும் சுற்றியுள்ள பாறைக் குன்றுகளின் அனல் எளிதில் அடங்காது. ஆகவே கூரையின் கீழ் அதிகாலையில் தொடங்கி, உள்ளங்கையை வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும் வரை மட்டும் வேலை செய்யவும். காரை ஷாம்பூ போட்டுக் கழுவிய பின், போர் தண்ணீரின் உப்பு வெள்ளைப் புள்ளியாகப் படியும் முன்பே ஈரத்தை ஒற்றி எடுத்து, வழவழப்பான நீர்மம் தெளித்தபடி க்ளே பார் எனும் களிமண் போன்ற கட்டியை அழுத்தாமல் நகர்த்திப் பிசுக்கையும் துகள்களையும் நீக்க வேண்டும். ரப்பர் ஓரங்களுக்கும் கூர்மையான விளிம்புகளுக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டவும். க்ளியர் கோட் மிக மெல்லியதாக இருப்பது விளிம்புகளில்தான்.

பட்டறைகளில் பயன்படும், ஒரே அச்சில் சுழலும் பஃபிங் மெஷின் பழகிய கைக்கே உரியது. சுழன்றுகொண்டே அதிரும் டூயல் ஆக்‌ஷன் மெஷின் சூட்டைப் பரப்பிவிடுவதால் புதியவர்களுக்கு ஏற்றது. ஜப்பானியக் கார்களின் பெயின்ட் மென்மையானது என்ற பேச்சு பரவலாக இருந்தாலும், பெயரை நம்பாமல் பானட்டில் ஒன்றரை அடிச் சதுரத்தில் சோதித்துப் பார்க்கவும். மெஷினில் மாட்டும் மிக மென்மையான ஃபோம் பேடையும், மிகக் குறைவாகச் சீவும் ஃபினிஷிங் பாலிஷையும் கொண்டு தொடங்கி, போதாவிட்டால் மட்டும் ஒரு படி ஏறலாம். அதிகமாகச் சீவும் ரப்பிங் காம்பவுண்டும் கம்பளி பேடும் மென்மையான பெயின்ட்டில் கீறலை நீக்குவதோடு மங்கலையும் விட்டுச்செல்லும்.

பேடில் பட்டாணி அளவில் மூன்று நான்கு சொட்டு பாலிஷ் வைத்து, மெஷினை நிறுத்திய நிலையில் பரப்பிவிட்டு, ஆறு வேகங்களில் மூன்று அல்லது நான்கில் இயக்கவும். மெஷினின் எடைக்கு மேல் சிறிதளவே அழுத்தம் தேவை. நொடிக்கு ஓர் அங்குல வேகத்தில், பாதிக்குப் பாதி மேற்படியுமாறு, முதலில் குறுக்காகவும் பிறகு நெடுக்காகவும் நகர்த்தவும். பேடைத் தாங்கும் தட்டில் ஒரு கோடு போட்டு வைத்தால், அது சுழல்வது நின்று வெறுமனே அதிர்கிறதா என்பது தெரிந்துவிடும். பிளாஸ்டிக் பம்பர் சூட்டைக் கடத்தாது. அங்கே ஒரே இடத்தில் நிற்கவே கூடாது. ஒவ்வொரு பகுதி முடிந்ததும் பேடைப் பிரஷால் சுத்தம் செய்யாவிட்டால், சீவப்பட்ட பெயின்ட் அதில் ஊறி அடுத்த பகுதியைக் கெடுக்கும்.

மெஷினை மட்டும் கவனித்துத் துணியை மறப்பவர்கள் பலர். மென்மையான பெயின்ட்டில் துடைப்பதாலேயே கீறல் விழும் என்பதால், நன்கு துவைத்த தடிமனான மைக்ரோஃபைபர் துணியை அடிக்கடி மடிப்பு மாற்றி, அதன் எடையாலேயே துடைக்கவும். பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் 10 முதல் 15 சதவீதமாகக் கலந்து தெளித்து எண்ணெய்ப் பசையை எடுத்தால்தான், கீறல் போய்விட்டதா, பாலிஷின் எண்ணெயில் மறைந்திருக்கிறதா என்பது தெரியும். ட்யூப் லைட் வெளிச்சத்தில் எல்லாமே நன்றாகத்தான் தெரியும். எல்இடி டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். மெல்லிய பனிமூட்டம் போன்ற மங்கல் தென்பட்டால், புது ஃபினிஷிங் பேடில் அழுத்தத்தைக் குறைத்து மற்றொரு சுற்று ஓட்டவும். எஞ்சும் ஒன்றிரண்டு கோடுகளை விரட்டிக்கொண்டு க்ளியர் கோட்டைக் கரைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முடிந்ததும் பாதுகாப்புப் பூச்சாக வாக்ஸோ சீலன்ட்டோ பூசி, டப்பாவில் குறிப்பிட்ட நேரம் காய விடவும். அடுத்து வரும் கழுவல்களுக்கு ஷாம்பூவுக்கு ஒரு வாளி, துணியை அலச ஒரு வாளி எனத் தனித்தனியே வைத்துக்கொண்டு, கடைசி அலசலுக்கு முடிந்தால் உப்பு நீக்கிய தண்ணீரைப் பயன்படுத்தவும்.